கடல் கடந்த குடியும் கரை சேர்ந்த குடியும்

மக்கள் தாம் பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு சேறல் இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. வாணிகம் கருதிச் சென்றாரும், வயிற்றின் பொருட்டுச் சென்றாரும், வலிதிற் கொண்டு செல்லப்பட்டாரும் என அவருள் பல திறத்தினர் உளர். அவர்தம் மக்களும் மக்களின் மக்களும் இன்று எந்நாட்டுக் குடிகள் ஆவர், அவர்க்குத் தாய்நாடு செய்யக் கடவது யாது என்னும் வினாக்கள் சட்ட நூல் வல்லார்க்கே உரியன என்று நம்மனோர் பலர் ஒதுக்கிவிடுவர். யாமும் ஓராண்டுக்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். எம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து தமிழ் பயிலும் நண்பர் ஒருவரே அவ்வெண்ணத்தை மாற்றினார்.

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் சிலர் அரசுப் பணித் தேர்வு ஒன்றிற்கு விண்ணப்பம் எழுத முற்பட்டோம். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை எழுதிய பின்னர், 'நீவிர் இந்தியக் குடிமகனா?' என்றொரு வினா வந்தது. யாம் அனைவோரும் ஒரு நொடியும் நில்லாது ஆம் என எழுதினோம். நண்பர் மட்டும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். அவர் பிறந்தது விழுப்புரம் மாவட்டத்தில்; வளர்ந்ததும் அங்கேயே. தொல்காப்பியத்தில் எமக்கு ஐயம் நேர்ந்தால் அவரையே வினவுவோம். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் இந்நாட்டவர் அல்லர். பிறிதொரு நாட்டவர் என்று காட்டவும் அவரிடம் சீட்டு இல்லை. அவர் இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர்.

எம் ஊர் திண்டிவனம். இதன் ஒரு பகுதியாகிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடன் இருந்து ஆண்ட பேரூராகும். நல்லூர் நத்தத்தனார் அவனைச் சிறுபாணாற்றுப்படையிற் பாடினார். வறுமையுற்ற பாணன் ஒருவன் கிடங்கிலை நோக்கி வருங்கால், எயிற்பட்டினத்துப் பரதவரும், வேலூர் எயினரும், ஆமூர் உழவரும் அவன் எவ்வூரான் என்று சான்று கேளாமல் உணவளிப்பர் என்பது அந்நூலால் அறியப்படும். அவ்வெயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் ஆராய்ச்சியாளர். அந்நாட்டு மாவிலங்கை என்னும் ஊர் தொன்மையான இலங்கையின் பெயரைத் தாங்கியது என்றும் அந்நூல் கூறும். ஆகவே இலங்கை என்னும் பெயர் எம் நாட்டிற்குப் புதிதன்று. அதே மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கடற்கரைச் சாலையை ஒட்டிக் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊரில் இன்று ஒரு முகாம் உளது. பாணனுக்குச் சோறிட்ட நாட்டிலே, பல்லாண்டு தங்கியவர்க்கும் பெயர் தர இயலாமற்போனது எவ்வாறு என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், நம்மவர் கடல் கடந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1834-ஆம் ஆண்டு முதல் மொரீசுத் தீவிற்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜித் தீவிற்கும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் அனுப்பப்பட்டனர். நேட்டாலுக்கு முதலாவதாகச் சென்ற கப்பல் சென்னைத் துறையினின்றே புறப்பட்டது. வட, தென் ஆர்க்காட்டு மக்கள் பலரும் அவ்வாறு சென்றனர். இலங்கைத் தோட்டங்களுக்கோ கண்காணிமார் வழியாகத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதி மக்கள் பெருந்தொகையாகச் சென்றனர். 1914-இல் பாம்பன் பாலம் அமைந்தபின், எழும்பூரிற் புறப்பட்ட போட் மெயில் என்னும் வண்டி எம் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து தனுஷ்கோடி சேரும். அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குச் செல்லும். 1939-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை கூலியாட்கள் அத்தீவிற்குச் செல்வது ஓயவில்லை. சென்றவரும் நின்றவரும் அந்நாளில் ஒரே பேரரசின் குடிகள். ஆதலின், தாம் நாடு மாறுகின்றோம் என்று அவர்கள் எண்ணியிருக்க இடமில்லை.

இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் அத்தீவிற் பிறந்த ஒருவன் தன் தந்தையும் அங்கே பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயத்திற் பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்று ஏது? மலையகத் தமிழர் மிகப் பெரும்பான்மையோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர்; அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் இழந்தனர். வடபுலத் தமிழராகிய செல்வநாயகம் அவர்கள் இதனைப் பொறாது தம் பழைய கட்சியை விட்டு நீங்கி 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தம் ஊராருக்கு நேராத தீங்கிற்காகத் தம் பதவி நலத்தைத் துறந்த அச்செயல் நினைவிற் கொள்ளத் தக்கது.

இனி நம் நாடு செய்தது யாது? 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய மரபினர் ஒருவர், தாமோ தம் பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பழைய இந்தியாவிற் பிறந்திருப்பின், ஆங்குள்ள இந்தியத் தூதரிடம் பதிந்துகொண்டு குடிமகன் ஆகலாம் என்று வழி திறந்து வைத்தது. சட்டத்தைச் செய்த பெரியோர் கடல் கடந்தாரை மறந்தாரல்லர் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறொரு முறையைக் கைக்கொண்டது. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என வகுத்தனர். 1974-இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்துத் தோட்டத் தொழிலாளர்தம் கருத்துக் கேட்கப்படவில்லை. பின்னர் விண்ணப்பம் பெற்றபொழுது, இந்தியக் குடியுரிமை வேண்டினோர் தொகை வகுத்த பங்கை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டினோரோ பங்கினும் மிக்கிருந்தனர்.

இதனோடு எம் அயலூராகிய புதுச்சேரியில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். விழுப்புரத்தினின்று இருப்புப் பாதையில் ஒரு மணி நேரத்திற் சேரக்கூடிய அவ்வூர், பிரெஞ்சியர் ஆட்சியினின்று நீங்கிச் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ஆம் நாளில். 1956-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, அங்குப் பிறந்து வாழ்ந்தோர் இந்தியக் குடிகள் ஆவர். ஆயினும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றனர். விரும்பியவர் எழுதினர், அவர்தம் வழியினர் இன்றும் புதுச்சேரியில் இருந்தவாறே பிரெஞ்சு நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கின்றனர். ஓர் அரசு நீங்கி ஓர் அரசு வரும்பொழுது ஒவ்வொருவரையும் 'உம் விருப்பம் யாது?' என்று கேட்டல் இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. தோட்டத் தமிழர்க்கோ முதலில் தொகை வகுக்கப்பட்டது. விருப்பம் பின்னரே கேட்கப்பட்டது. வேறுபாடு இதுவே.

ஒப்பந்தம் எழுதி இரண்டு திங்கள் முடியுமுன் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக் கப்பல் வழியாகத் தாயகம் திரும்பியோர் பல்லாயிரவர். அவருட் சிலர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வாழ்வளித்தன. 1984-இல் அக்கப்பலும் நின்றது. அதற்குமுன் 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வவுனியா முதலிய வடபகுதிகளிற் குடியேறினாரும் பலர். 1983-இல் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், வடபுலத் தமிழரும் அவரிடையே குடியேறியிருந்த மலையகத் தமிழரும் ஒருங்கே படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். நம் அரசு அவர்களை வரவேற்றுப் பெயர் பதிந்து, முகாம்களிற் குடியமர்த்தி, உணவும் உதவித்தொகையும் வழங்கியது. இன்றும் ஏறக்குறைய 58,000 பேர் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். 2021-இல் அம்முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. புதிய வீடுகளும் கட்டப்பட்டு வருகின்றன. தமிழக அரசு அவர்தம் பிள்ளைகட்குக் கல்வியுதவி செய்து வருதலும் நன்றியுடன் குறிக்கத் தக்கது. எம் நண்பர் எம்முடன் பயில்வதும் அதனாலேயே.

எம் நண்பர் குடும்பத்தின் கதையும் இதுவே. பூட்டனார் திருச்சிப் பக்கத்தினின்று கண்காணியோடு சென்றவர். பாட்டனார் ஹட்டன் அருகே தோட்டத்திற் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தவர். அவ்விண்ணப்பத்தைக் காட்டும் மஞ்சட்பூத்த தாள் ஒன்று இன்றும் தகரப் பெட்டியில் உளது. முடிவு வருமுன் அவர் வவுனியா சென்றார். 1985-இல் குடும்பத்தோடு படகேறி இங்கு வந்தார். பெரியம்மை 1986-இலும் தாயார் 1988-இலும் முகாமிலே பிறந்தனர். பூட்டனாரை இந்த மண்ணே அனுப்பியது. பாட்டனாரை இந்த மண்ணே ஏற்றது. நான்காம் தலைமுறையில் நண்பர், தாம் எந்நாட்டவர் என்று எழுத இயலாமல் எழுதுகோலைக் கீழே வைக்கின்றார்.

இனி, கடல் கடந்து சென்று ஆங்கே குடியுரிமை பெற்றோர்க்கு நம் நாடு செய்துள்ள நன்மையைக் காண்போம். 1999-இல் இந்திய மரபினர் அட்டை என்றொன்று தொடங்கப் பெற்றது. 2006-இல் 'கடல்கடந்த இந்தியக் குடிமகன்' என்னும் ஓ.சி.ஐ. அட்டை வழங்கலாயிற்று, 2015-இல் முன்னையது பின்னையதோடு இணைக்கப்பட்டது. இவ்வட்டை பெற்றோர் வாழ்நாள் முழுதும் நுழைவிசைவு வேண்டாது வந்து போகலாம். எத்துணைக் காலமும் தங்கலாம். விளைநிலமும் தோட்டமும் ஒழிந்த பிற சொத்துக்களை வாங்கலாம். வாக்குரிமையும், சட்டமன்றத்தில் அமரும் உரிமையும், அரசுப் பணியும் அவர்க்கு இல்லை. ஆகவே பெயரளவிற் குடிமகன் எனப்படினும் இது முழுக் குடியுரிமை அன்று. எனினும் உறவை மதிக்கும் நல்ல ஏற்பாடேயாம். சட்டப்படி இது கொள்ளுப் பேரர் வரை செல்லும். 2023-இல் சுரிநாம் நாட்டவர்க்கு ஆறாம் தலைமுறை வரைக்கும், 2024-இல் மொரீசு நாட்டவர்க்கு ஏழாம் தலைமுறை வரைக்கும் இதனை நீட்டித்து நம் குடியரசுத் தலைவர் அறிவித்தார். கூலியாய்ச் சென்றவன் வழித்தோன்றலை ஏழு தலைமுறைக்குப் பின்னும் 'வா' என்றழைக்கும் பெருந்தன்மையை யாம் மனமாரப் போற்றுகின்றோம்.

ஆனால் அவ்வட்டை பெறுவதற்கு முதல் தகுதி யாது? வேறொரு நாட்டின் குடிமகனாய் இருத்தல். அந்நாட்டின் கடவுச்சீட்டைக் காட்டினாலன்றி ஓ.சி.ஐ. கிட்டாது. ஆகவே, ஒரு நாட்டை உடையவனுக்கு நாம் இரண்டாம் வீட்டின் திறவுகோலைத் தருகின்றோம். ஒரு நாடும் இல்லாதவனை வாயிலில் நிறுத்துகின்றோம். மொரீசில் ஏழாம் தலைமுறையினரும் திண்டிவனத்தருகே நான்காம் தலைமுறையினரும் ஒரே வகைக் குடிசையினின்று, ஒரே வகைப் பசியினால் புறப்பட்டவர்தம் வழியினர். இருவரையும் வேறாக்குவது மரபன்று, கையிலுள்ள தாளே.

வேறு வழி இல்லையோ எனின், ஏட்டில் உண்டு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, இந்திய மரபினர் ஒருவர் இங்கு ஏழாண்டு வாழ்ந்திருப்பின் பதிவு செய்து குடிமகன் ஆகலாம். ஆனால் 2003-இல் நிறைவேறிய திருத்தம், உரிய சீட்டின்றி நுழைந்தாரைச் 'சட்டத்திற்குப் புறம்பாகக் குடிபுகுந்தோர்' என்று வகுத்து அவ்வாயிலை அடைத்தது. குண்டுக்கு அஞ்சி நள்ளிரவிற் படகேறியவன் முத்திரையிட்ட சீட்டோடு வந்திருத்தல் கூடுமோ? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த சில சமயத்தார்க்கு இத்தடையை நீக்கியது. இலங்கையை அது குறிப்பிடவில்லை. அம்மூன்று நாட்டுக் கிறித்தவர் அதிற் சேர்க்கப்பட்டிருக்க, இலங்கையினின்று வந்த இந்துவும் கிறித்தவரும் ஒருங்கே விடப்பட்டனர். இதனைக் கிறித்தவ மாணவராகிய யாம் கூறுவது, எம் சமயத்தார்க்குப் பங்கு வேண்டி அன்று. துன்பத்திற்குச் சமயக் கணக்கு வேண்டா என்பதற்காகவே.

பிறப்பினால் வரும் உரிமையும் நாள் கணக்கில் அடங்கியுள்ளது. 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்வரை இந்நாட்டிற் பிறந்தோர், பெற்றோர் யாவராயினும், பிறப்பாற் குடிகள். அதன்பின் பிறந்தார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடியாதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தார்க்கோ, ஒருவர் குடியாயினும் மற்றவர் புறம்பாக நுழைந்தவராய் இருத்தல் கூடாது. ஆகவே எம் நண்பரின் பெரியம்மை சட்டப்படி இந்தியக் குடி. அவர்க்கு இரண்டாண்டு இளைய தாயார் அல்லர். ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றிற் பிறந்த இருவர்! திண்டிவனத்துப் பெண் ஒருத்தி முகாமிளைஞனை இன்று மணந்தாலும் அவர்தம் குழந்தைக்கு இதே இடர் உண்டு. திருமறையிலே பவுலடிகளார் சாட்டைக்கு முன் நின்று தாம் உரோமைக் குடி என்று கூறினார். பெரும்பொருள் கொடுத்து அவ்வுரிமையை வாங்கியிருந்த படைத்தலைவன், பிறப்பினாலேயே அதனைப் பெற்றவர் அவர் என அறிந்து அஞ்சினான். அவ்வோர் உரிமையே அன்று அவரைச் சாட்டையினின்று காத்தது. குடியுரிமை எத்துணைப் பெரிய அரண் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நீதிமன்றங்கள் இவ்விடரை உணர்ந்துள்ளன. 2019 சூனில் சென்னை உயர் நீதிமன்றத்து மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய மரபினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் இம்மண்ணில் வேர்கொண்டவர் என்பதை ஏற்று, குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு பணித்தது. 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் அக்கிளையே தீர்ப்பளித்தது. அவர் 2024 பொதுத்தேர்தலில் வாக்களித்தார். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 சனவரி 9-ஆம் நாள்வரை இங்கு அடைக்கலம் புகுந்து பெயர் பதிந்துள்ள இலங்கைத் தமிழர்க்குச் சீட்டின்மை குறித்த தண்டனையினின்று விலக்களித்தது. இது நல்ல தொடக்கம். ஆயினும் தண்டிக்கப்படாமை வேறு, குடியாதல் வேறு.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். ஒருவர்க்கு வாயில் திறப்பின் உலகோர் அனைவரும் புகுவர் என்பர். இவர்கள் புதிதாக வருவோர் அல்லர். அரசின் பதிவேட்டிலே பெயரும் கைந்நாட்டும் படமும் உள்ள, எண்ணி முடிந்த தொகையினர். பிறிதொரு சாரார், இவர்க்குக் குடியுரிமை தந்தால் இலங்கையில் தமிழர்தம் உரிமைக்குரல் மெலியும் என்பர். அக்கவலை பொருளற்றதன்று. வடக்கிலும் கிழக்கிலும் நிலமும் வீடும் உடையோர் மீள விரும்பின் மீளட்டும். இலங்கையும் 2003-இல் இந்திய மரபினர்க்குத் தனிச் சட்டத்தால் குடியுரிமை வழங்கியுள்ளது. அங்குச் செல்ல விழைவார்க்கு அச்சீட்டைப் பெற்றுத் தருதலும் கடமையே. ஆனால் இங்கே பிறந்து, அத்தீவைக் கண்ணாலும் காணாத ஒருவரை, ஓர் அரசியற் கருத்தின் பொருட்டு என்றும் நாடற்றவராய் வைத்திருத்தல் அறமாகாது.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, 1987 சூலைக்கு முன் முகாமிற் பிறந்தோர் தாம் குடிகள் என்பதையே அறியாதிருக்கலாம். ஒவ்வொருவரும் வழக்காடிப் பெறுமாறு விடாது, அரசே அவர்க்குச் சான்று வழங்குதல் வேண்டும். இரண்டு, 1964, 1974 ஒப்பந்தங்களால் இந்தியா ஏற்றுக்கொண்ட மலையக மரபினர்க்கும் அவர் வழியினர்க்கும் 'புறம்பாக நுழைந்தோர்' என்னும் பெயரை நீக்கி, ஐந்தாம் பிரிவின்படி பதிவு செய்தல் வேண்டும். அரசே கரையில் எதிர்கொண்டு பெயர் எழுதிக்கொண்டவர் எங்ஙனம் புறம்பானவர் ஆவர்? மூன்று, ஏனையோர்க்கு இங்கே தங்குதல், அங்கே மீளுதல் என்னும் இரண்டனுள் ஒன்றைப் புதுச்சேரியிற் கேட்டவாறு கேட்டு, அவர் விடைக்கு மதிப்பளித்தல் வேண்டும்.

மாணவராகிய நாம் செய்யத் தக்கது யாது எனின், சிறிதேயாயினும் உண்டு. பேராசிரியராய் இருந்த சி. எப். ஆண்ட்ரூஸ் ஐயர், 1915-இல் பிஜித் தீவிற்குச் சென்று ஒப்பந்தக் கூலிகளின் நிலையை நேரிற் கண்டு எழுதினார். அவ்வறிக்கை அம்முறை ஒழிவதற்குப் பெருந்துணையாயிற்று. நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. திண்டிவனத்தினின்று பேருந்தேறினாற் போதும். முகாமில் உள்ளோர்க்கு விண்ணப்பம் எழுதவும், பழந்தாள்களைப் படியெடுத்து ஒழுங்கு செய்யவும், பிறந்த நாட்சான்றுகளைத் தேடவும் கல்வியறிவுடையார் துணை மிகத் தேவை. நம் பழைய மாணவருள் வழக்கறிஞர் பலர் உளர். அவர்கள் திங்கட்கு ஒரு நாள் ஒதுக்கினும் பெரும்பயன் விளையும்.

பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி காட்டுதலே ஆற்றுப்படையாகும். குடியுரிமை என்னும் பரிசிலைப் பிறப்பினால் எளிதிற் பெற்ற நாம், அதனைப் பெறாது நிற்பார்க்கு வழிகாட்டக் கடமைப்பட்டுள்ளோம். எம் நண்பரின் விண்ணப்பம் இன்னும் நிரப்பப்படாமல் அவர் ஏட்டினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வினாவிற்கு அவரும் எம்மைப்போல் நில்லாது விடை எழுதும் நாள் விரைவில் வருவதாக.